சைத் அரிவாள்: வாய் தட்டுறதுல இருந்து புல் அறுக்கற வரைக்கும் முழு வழிகாட்டி

சைத் வாங்கி ரெண்டு நாள் வீசிப் பாத்துட்டு, இடுப்பு போச்சு தோள் போச்சுன்னு செவுத்துல மாட்டி வெச்சுட்டவங்களை நிறைய பாத்திருக்கேன். எல்லாரும் பண்ண தப்பு ஒண்ணேதான், கூர் இல்லாத அலகை வெச்சுக்கிட்டு கை பலத்துல வெட்டப் பாத்தாங்க. நானும் முதல் ஆறு மாசம் அப்படித்தான் கஷ்டப்பட்டேன். புல்லு வெட்டுப்படாம மடங்கி மடங்கிப் படுக்கும், நான் இன்னும் வேகமா வீசுவேன், அது இன்னும் மடங்கும். ஒரு வயசான விவசாயி அலகை வாங்கி விரல் நகத்துல வெச்சுப் பாத்துட்டு, "தம்பி, நீங்க புல்லை அடிக்கிறீங்க, அறுக்கல"ன்னு சொன்னார். அன்னிக்கு சாயங்காலம் அவர்கிட்ட வாய் தட்ட, அதாவது அலகோட வெட்டற ஓரத்தை சுத்தியால அடிச்சு மெலிசாக்கக் கத்துக்கிட்டேன், மறுநாள் காலையில அதே அலகு அதே புல்லு, சர்ர்ன்னு போச்சு. அதனால இந்த வழிகாட்டியில பாதிக்கு மேல கூர் பத்தித்தான் இருக்கும், வீசறது பின்னாடிதான் வரும், தயவுசெஞ்சு வரிசை மாத்தாம படிங்க.

சைத்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நெஞ்சு உயரத்துக்கோ அதுக்கு மேலயோ நீளமா ஒரு தண்டு, அதுல ரெண்டு கைப்பிடி, தண்டோட அடியில முக்கால் மீட்டர் கிட்ட நீளமான வளைஞ்ச அலகு. குனியாம நின்னுக்கிட்டே புல் அறுக்கற அரிவாள், அவ்ளோதான்.

எந்த வகை அலகுன்னு முதல்ல பாருங்க

இது ரொம்ப முக்கியம், ஏன்னா தீட்டுற முறையே இதை வெச்சுத்தான் மாறும். ஒண்ணு ஐரோப்பிய வகை, பொதுவா ஆஸ்திரியன் சைத்னு சொல்வாங்க. சுத்தியால அடிச்சு அடிச்சு மெலிசாக்கின அலகு, எஃகு கொஞ்சம் மிருதுவா இருக்கும், எடை அரை கிலோ சொச்சம்தான். ஆஸ்திரியாவுல ரோஸ்லைத்தன்ங்கற ஊர்ல ஷ்ரோக்கன்ஃபுக்ஸ்னு ஒரு பட்டறை 1540-ல தொடங்கினது, அந்த வழியில வர்ற அலகுங்கதான் இதெல்லாம். இன்னொண்ணு ஆங்கில-அமெரிக்க வகை, அலகு தடிமனா கனமா இருக்கும், எஃகு கெட்டி, தண்டும் பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கும். இந்த ரெண்டாவது வகையை சுத்தியால தட்டவே கூடாது, விரிசல் விட்டுடும், தண்ணி ஊத்தி சுத்தற சாணைக்கல்லுலதான் பிடிக்கணும். நான் இங்க சொல்றது எல்லாம் முதல் வகைக்கு, புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுதான் நல்லதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

நீளம் 65-லிருந்து 75 சென்டிமீட்டர் போதும். பெரிய வைக்கோல் புல்வெளி அறுக்கறவங்க 85, 90 எல்லாம் வெச்சிருப்பாங்க, அதைப் பாத்து ஆசைப்படாதீங்க. 50-60ல தடிமனா வர்றது புதருக்கு, முள்ளுச் செடிக்கு.

இடது கை பழக்கம் இருக்கறவங்க கேப்பீங்க. இடது கை சைத் தனியா கிடைக்குது. ஆனா கூட்டமா சேந்து அறுக்கும்போது அவங்க மட்டும் எதிர்ப்பக்கம் வீசறது ஆபத்து. ரெண்டு கையும் வேலை செய்யற கருவிங்கறதால வலது கை சைத்துலயே பழகிடலாம், நிறைய பேர் அப்படித்தான் பழகறாங்க.

உடம்புக்கு ஏத்த மாதிரி பொருத்துறது

நேரா நில்லுங்க. கீழ் கைப்பிடி உங்க இடுப்பு மூட்டு உயரத்துக்கு வரணும், அதுல இருந்து மேல் கைப்பிடி ஒரு முழம் தள்ளி இருக்கணும். உங்க முழம்தான், கடைக்காரர் முழம் இல்ல, முழங்கையை கீழ் பிடியில வெச்சு நடுவிரல் நுனி எங்க வருதோ அங்க மேல் பிடி. இதை விட குட்டையா இருந்தா குனிஞ்சுக்கிட்டே இருப்பீங்க, ஒரு மணி நேரத்துல முதுகு சொல்லிடும்.

அடுத்து அலகோட காம்பை (தண்டுல மாட்டற முனை) தண்டுல வெச்சு பூண் போட்டு திருகு முடுக்கணும், ஆனா முழுசா முடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சரிபாருங்க.

முதல்ல அலகு எவ்ளோ விரிஞ்சிருக்குங்கறது. சைத்தை நேரா நிமித்தி செவுரோரமா வெச்சு, தண்டோட கைப்பிடிப் பக்க முனையை தரையில ஊணுங்க, அலகு மேல இருக்கும். அலகோட அடிப்பக்கம், அதாவது காம்புக்குப் பக்கத்துல, வாய் செவுத்துல எந்த உயரத்துல இருக்கோ அங்க சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. இப்ப ஊணின முனையை நகத்தாம தண்டை சாய்ச்சு அலகோட நுனியை அந்தக் கோட்டுப் பக்கம் கொண்டு வாங்க. நுனி கோட்டை விட ரெண்டு மூணு விரல் கீழ இருந்தா சரி. கோட்டுக்கு மேல போச்சுன்னா அலகு ரொம்ப விரிஞ்சிருக்கு, ஒவ்வொரு வீச்சுலயும் அளவுக்கு மீறி புல்லை வாரிப் பிடிச்சு கையை உலுக்கும். ரொம்ப கீழ இருந்தா புல்லு வழுக்கிட்டுப் போயிடும். தண்டு கெட்டியான புல்லா இருந்தா இன்னும் ஒரு விரல் மூடி வெச்சுக்கலாம்.

ரெண்டாவது, அறுக்கற மாதிரி நின்னு அலகை சமமான தரையில வெச்சா அலகோட வயிறு தரையில உக்காந்திருக்கணும், வாய் மட்டும் லேசா தரையை விட்டு எழும்பி நிக்கணும், அரை சென்டிமீட்டர் கிட்ட. வாய் தரையில குத்தினாலும் தப்பு, வானத்தைப் பாத்தாலும் தப்பு. சரி பண்ண காம்புக்கும் தண்டுக்கும் நடுவுல மெலிசா ஒரு மர ஆப்போ தோல் துண்டோ வெச்சா போதும். காம்போட ஒரு முனையில வெச்சா வாய் ஏறும், மறு முனையில வெச்சா இறங்கும், ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்து உங்களுக்கு எது ஒத்து வருதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, அடுத்த தடவை கழட்டி மாட்டும்போது அப்படியே வெக்கலாம்.

வாய் தட்டுறது

இதுதான் எல்லாரும் பயப்படற இடம், ஆனா மொத்த வித்தையும் இங்கதான் இருக்கு. கத்தி தீட்டறப்ப நாம இரும்பை தேய்ச்சு எடுக்கறோம். சைத்துல அப்படி இல்ல, சூடு பண்ணாம குளுந்த இரும்பையே சுத்தியால மெதுவா தட்டி, வாய் ஓரத்துல ஒரு மூணு நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு பேப்பர் மாதிரி மெலிசாக்கறோம். இரும்பு வெளிப்பக்கமா லேசா பரவி புது வாய் உருவாகும். புல்லு மாதிரி மிருதுவான பொருளை அறுக்க அந்த மெலிசுதான் வேணும், எவ்ளோ தீட்டினாலும் தடிமனான வாய் புல்லுக்கு ஆகாது.

ரெண்டு வழி இருக்கு. வெறும் குட்டி அடைகல்லுல (இரும்பை வெச்சு அடிக்கற பட்டறைக் கட்டை) வெச்சு கண் அளவுல தட்டறது ஒண்ணு, இது பழகினவங்களுக்கு. இன்னொண்ணு புதுசா வர்றவங்களுக்குன்னே இருக்கற தட்டு கருவி: நடுவுல ஒரு இரும்புக் கம்பி நிக்கும், அலகோட வாயை கம்பில ஒட்ட வெச்சு, மேல ஒரு இரும்புக் குப்பியை (கம்பி மேல இறங்கற மூடி மாதிரி) மாட்டி குப்பி தலையில சுத்தியால அடிக்கணும். குப்பி ரெண்டு வரும், முதல் குப்பி வாய்க்கு கொஞ்சம் உள்ள தள்ளி நசுக்கும், ரெண்டாவது வாய் ஓரத்தையே மெலிசாக்கும். எந்தக் குப்பி முதல்னு அதுலயே கோடு போட்டிருப்பாங்க. நான் ரெண்டு வருஷம் இந்தக் கருவியிலதான் தட்டினேன், இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

எப்படி பண்றதுன்னா, கருவியை ஒரு மரக்கட்டையில அடிச்சு இறக்கிட்டு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருங்க, அலகோட ரெண்டு பக்கத்தையும் தொடையிலயோ ஒரு கட்டையிலயோ தாங்குங்க, அலகு தொங்கக் கூடாது. அலகை தண்டுல இருந்து கழட்டிட்டு பண்றது சுலபம். துணியால நல்லா துடைச்சு, காஞ்ச புல் சாறு ஒட்டியிருந்தா ஈரத்துல சுரண்டி எடுத்துடுங்க, இல்லன்னா கம்பில ஒட்டி நிக்காது. அரை கிலோ சுத்தி போதும். காதுல பஞ்சோ இயர்பிளக்கோ வெச்சுக்கோங்க, அந்த டிங் டிங் சத்தம் ஒரே தாளத்துல அரை மணி நேரம் காதுல விழும்.

அடிப்பக்கத்துல ஆரம்பிச்சு நுனி வரைக்கும் போங்க. ஒரு அடி, அலகை ஒரு மூணு மில்லிமீட்டர் நகத்து, இன்னொரு அடி. முந்தின அடியோட தடம் பாதி மேல அடுத்தது விழணும். அடி எல்லாம் ஒரே பலத்துல இருக்கணும், இதுதான் கஷ்டமே. வாய் ஓரத்துல ஒரு மார்க்கர் பேனாவால கோடு போட்டுக்கிட்டீங்கன்னா எங்க அடி விழுந்தது எங்க விழலன்னு தெரியும். வேகமா அடிச்சா என்ன ஆகும்னு சொல்றேன், நான் ஒரு அலகை அப்படித்தான் கெடுத்தேன்: ஒரு இடத்துல இரும்பு அளவுக்கு மேல பரவும், பக்கத்துல பரவாது, வாய் துணி ஓரம் மாதிரி அலை அலையா நெளிஞ்சிடும். அதுக்கு மேலயும் அடிச்சா பொடிப்பொடியா விரிசல். அந்த நெளிவை திரும்ப நேராக்க எனக்கு அஞ்சாறு தட்டல் ஆச்சு, நடுவுல புல்லு சரியா அறுக்காம அவஸ்தைப்பட்டேன்.

மெலிசாச்சான்னு தெரிஞ்சுக்க நகச் சோதனை. அலகை வெளிச்சத்துப் பக்கம் பிடிச்சு, வாயோட அடியில கட்டைவிரல் நகத்தை மெதுவா அழுத்தி வாய் நீளத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. நகம் போற இடத்துல இரும்பு லேசா மேல எழும்பி, ஒரு குட்டி அலை நகத்தோட கூடவே ஓடறது தெரியும், கண்ணுல படற அளவுக்கே சின்னதா இருக்கும், முதல் தடவை பாக்கும்போது இரும்பு இப்படி வளையுமான்னு ஆச்சரியமா இருக்கும். அந்த அலை வந்தா போதும், அந்த இடம் ஆச்சு. எங்க வரலையோ அங்க மட்டும் திரும்பத் தட்டுங்க. அலை ரொம்ப அகலமா, அமுக்கினா மடிஞ்சே போற மாதிரி இருந்தா அளவு மீறிட்டீங்க, அடுத்த தடவை கையைக் குறைங்க.

அறுக்கற நேரம் நாலு மணி, அஞ்சு மணி ஆனதும் திரும்ப தட்டணும். காலண்டர் நாள் கணக்கு இல்ல, அலகு புல்லுல ஓடின நேரம். தீட்டுக்கல் போட்டும் பழைய கூர் வரலன்னா அதுவே சொல்லிடும், தட்டுற நேரம் வந்தாச்சுன்னு.

கிரைண்டர் மெஷின்ல வெச்சு ஒரு நிமிஷத்துல முடிச்சுடலாமேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லுங்க. அவ்ளோ மெலிசான வாய் ஒரு நொடியில சூடாகி நீலம் பாஞ்சிடும், நீலம் பாஞ்ச இடத்துல எஃகோட பதம் போச்சு, அப்புறம் அங்க கூர் நிக்கவே நிக்காது.

தீட்டுக்கல்

தட்டறது சில மணி நேரத்துக்கு ஒருதடவை, தீட்டறது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை. ஆமா, அஞ்சு நிமிஷம். புல்லு நடுவுல நின்னு, நாலு மூச்சு விடற நேரத்துல தீட்டிட்டு திரும்ப அறுக்கறது. இதை நேரம் வீணுன்னு நினைக்காதீங்க, அது உங்களுக்கான ஓய்வும்கூட.

கல்லு படகு மாதிரி ரெண்டு முனையும் குறுகி இருக்கும். எப்பவும் ஈரமா இருக்கணும், அதனால இடுப்புல ஒரு குப்பி மாட்டி அதுல தண்ணி ஊத்தி கல்லைப் போட்டு வெச்சிருப்பாங்க. பழைய காலத்துல மாட்டுக் கொம்பு, இப்ப தகரம், பிளாஸ்டிக். குப்பிக்குள்ள ஒரு பிடி புல்லைத் திணிச்சா கல்லு கடகடன்னு ஆடாது, தண்ணியும் தெறிக்காது. காஞ்ச கல்லுல தீட்டினா இரும்புத் தூள் அடைச்சுக்கிட்டு கல்லு வழுக்க ஆரம்பிச்சிடும்.

தண்டு முனையை தரையில ஊணி அலகை மேல வெச்சு, அலகோட முதுகை இடது கையால கெட்டியா பிடிங்க. கல்லை வலது கையில கீழ் முனையில பிடிக்கணும், எந்த விரலும் கல்லோட ஓரத்தைத் தாண்டி வாய்ப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. சைத்துல வெட்டுக்காயம் வர்றது பெரும்பாலும் இந்த இடத்துலதான், புல் அறுக்கறப்ப இல்ல. மேல் பக்கத்துல கல்லு அலகோட முதுகையும் வாயையும் ஒரே சமயத்துல தொடற மாதிரி படுக்க வெச்சா சரியான கோணம் தானா வந்துடும். கீழ் பக்கத்துல முதுகு துருத்திக்கிட்டு இருக்காது, அதனால அங்க கிட்டத்தட்ட தட்டையா வெச்சு ஒரு தீக்குச்சி கனம் மட்டும் தூக்குங்க. காம்புப் பக்கத்துல ஆரம்பிச்சு நுனி நோக்கி, மேல் பக்கம் ஒரு இழுப்பு, கீழ் பக்கம் ஒரு இழுப்புன்னு மாத்தி மாத்தி, கல்லோட முழு நீளமும் வாய் மேல சரிஞ்சு போகணும். அழுத்தம் வேணாம், கல்லோட எடையே போதும். நுனியை மட்டும் நிறைய பேர் விட்டுடறாங்க, கடைசி பத்து சென்டிமீட்டரை இன்னொரு தரம் நிதானமா பண்ணுங்க, ஏன்னா முதல்ல புல்லுக்குள்ள நுழையறதே அதுதான்.

சத்தம் கேட்டுப் பழகுங்க. மழுங்கின வாய்ல கல்லு கரகரன்னு மட்டமா சத்தம் போடும், கூர் ஏறினதும் சத்தம் கணீர்னு மாறும்.

இப்ப அறுக்கலாம்

விடிகாலையில பனி ஈரம் காயறதுக்குள்ள போங்க. ஈரத்துல புல்லு தண்ணி நிறைஞ்சு விறைப்பா நிக்கும், அலகும் வழுக்கிட்டு ஓடும். வெயில் ஏறினா புல்லு துவண்டு அலகுக்கு வளைஞ்சு கொடுத்துடும், அதே அலகு திடீர்னு மழுங்கின மாதிரி தோணும். இன்னொண்ணு, முதல் தடவை கட்டையா வெட்டின புல்தரையில ஆரம்பிக்காதீங்க, அது ரொம்ப கஷ்டம். முழங்கால் உயரத்துக்கு இளசா பச்சையா இருக்கற புல்லுதான் வசதி. போற பாதையில கல், கம்பி, எறும்புப் புத்து இருக்கான்னு ஒரு நடை நடந்து பாத்துடுங்க. சுத்தி மூணு நாலு மீட்டருக்குள்ள யாரும் நிக்கக் கூடாது, குழந்தைங்க கண்டிப்பா கூடாது.

காலை தோள் அகலத்துக்கு விரிச்சு, முழங்காலை லேசா மடக்கி, முதுகை நேரா வெச்சு நில்லுங்க. அலகைத் தரையில வெய்ங்க. வெச்சாச்சா, இனிமே அது தரையை விட்டு எழும்பக் கூடாது, போறப்பவும் சரி திரும்பறப்பவும் சரி. வலதுல இருந்து இடதுக்கு உங்களைச் சுத்தி ஒரு அரைவட்டம், கை வீசறது இல்ல, இடுப்புல இருந்து உடம்பே திரும்பறது, கை சும்மா கூடப் போகுது. உடம்பு எடை வலது கால்ல இருந்து இடது காலுக்கு மாறும். திரும்ப வலதுக்கு வரும்போதும் அலகு தரையைத் தடவிக்கிட்டே வரணும்.

முதல்ல அரைவட்டமே போடாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரு சாண் அளவுக்கு மட்டும் அலகைத் தரையில ஆட்டுங்க, புல்லே இல்லாத இடத்துல. அது சுலபமா ஓடினதும் கொஞ்சம் அகலம், அப்புறம் இன்னும் கொஞ்சம். நான் பழக்கிவிட்டவங்க எல்லாருக்கும் இந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் முதல்ல கொடுப்பேன், கால்ஃப் அடிக்கற மாதிரி ஓங்கற பழக்கம் வராம இருக்க வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

புல்லுக்குள்ள போனதும், ஒவ்வொரு வீச்சுக்கும் அலகு புது புல்லை நாலஞ்சு விரல் அகலத்துக்கு மேல கடிக்கக் கூடாது. ரெண்டு காலையும் ஒரு சின்ன அடி முன்ன வெச்சு அடுத்த வீச்சு. அறுக்காத புல்லு வலது பக்கம், அறுத்த இடம் இடது பக்கம் இருக்கற மாதிரி போங்க, அப்பத்தான் அறுபட்ட புல்லை அலகே வாரிக்கொண்டு போய் இடது ஓரத்துல வரிசையா போட்டுட்டு வரும், தனியா அள்ள வேண்டிய வேலை மிச்சம். வெட்டும்போது மூச்சை வெளிய விடுங்க, திரும்பும்போது உள்ள. பத்து நிமிஷத்துல தாளம் தானா வந்துடும்.

ஜெர்மன் மொழியில மான்ஸ்மாட்னு ஒரு பழைய நில அளவை உண்டு, ஒரு ஆள் ஒரு நாள்ல அறுக்கற புல்வெளின்னு அர்த்தம், நிலத்தையே ஒருத்தனோட வீச்சால அளந்திருக்காங்க, அதை நினைக்கறப்ப எனக்கு இந்தக் கருவி மேல மரியாதை கூடுது. நீங்க முதல் நாள் அரை மணி நேரத்தோட நிறுத்திடுங்க, நாலு பாய் விரிக்கற இடம் சுத்தமா அறுத்திருந்தாலே நல்ல ஆரம்பம்.

எங்கயோ தப்புன்னு தோணினா

புல்லு மடங்குதுன்னா முதல் சந்தேகம் கூர் மேல, ரெண்டாவது நீங்க ஒரே வீச்சுல நிறைய கடிக்கறீங்க. நுனி மண்ணுல குத்துதுன்னா இடது கையை கீழ அமுக்கறீங்க, இல்ல வாய் ரொம்ப தாழ்ந்திருக்கு, ஆப்பைப் பாருங்க. வீச்சோட ரெண்டு ஓரத்துலயும் புல்லு உயரமா நிக்குதுன்னா முடிக்கற இடத்துல அலகைத் தூக்கறீங்க, இது எல்லாருக்கும் வர்றது, ஓரத்துல வேணும்னே தரையை அழுத்தி பழகினா போயிடும். நடுவுல நடுவுல கீற்றா புல்லு மிச்சம் நின்னா அடி எடுத்து வெக்கறது பெருசா இருக்கு. இடுப்புக்குக் கீழ வலிச்சா பரவால்ல, தோள் வலிச்சா கையாலதான் வீசறீங்க.

கல்லுல பட்டு வாய் மடங்கினா அப்படியே தொடர்ந்து அறுக்காதீங்க. சின்ன மடிப்புன்னா அடைகல்லுல வெச்சு மெதுவா தட்டி நிமித்திடலாம். பொரிஞ்சு போயிருந்தா அரத்தால அந்த இடத்தை மட்டும் பக்கத்தோட இழைஞ்சு போற மாதிரி ராவிட்டு தட்டுங்க, முழு பள்ளமும் ஒரே நாள்ல போகணும்னு இல்ல, நாலஞ்சு தட்டல்ல தானா மறைஞ்சிடும்.

வேலை முடிஞ்சதும் ஒரு பிடி புல்லால அலகை முதுகுப் பக்கத்துல இருந்து வாய்ப் பக்கமா வழிச்சுத் துடைங்க, வாய் நீளத்துக்கு இழுத்துத் துடைக்காதீங்க, அப்புறம் காஞ்ச துணி, அதுக்கு மேல ஒரு சொட்டு எண்ணெய். புல் சாறு ஒரு ராத்திரி இருந்தா துருப்பிடிச்சிடும். தண்டு மரமா இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆளி விதை எண்ணெய் தேய்ங்க. நடுவுல தண்ணி குடிக்கப் போனாலும் சைத்தை புல்லுல படுக்க வெச்சுட்டுப் போகாதீங்க, உயரமான புல்லுல அலகு கண்ணுக்கே தெரியாது, ஒரு மரக் கிளையில ஆளோட தலைக்கு மேல மாட்டுங்க. வீட்டுக்கு எடுத்துட்டு வரும்போது வாய்க்கு உறை போடுங்க, உறை இல்லன்னா பழைய தோட்டக் குழாயை நீளவாக்குல கீறி வாய் மேல மாட்டினா கச்சிதமா உக்காந்துக்கும்.